தினம் ஒரு சாவு

ஈரத்துண்டால் நெற்றியை அழுத்தித் துடைத்தார் சுந்தரபாண்டியன். பெற்ற தாயின் நெற்றி என்றுகூடப் பார்க்கவில்லை. குங்குமம் போய்த் தோல் சிவந்த பிறகும் துண்டு நிற்கவில்லை.

"ஏலே, எதுக்குலே அழிக்க? அவிய பாத்தா வைவாவ!" என்று கத்தினாள் வெங்கடேஸ்வரி.

"யாரு பாக்க? அப்பா செத்து மூணு வருசமாச்சு. நீ தாலியறுத்தவ. பூவும் பொட்டும் வச்சா தெருவே சிரிக்கும்."

கிழவி மகன் முகத்தையே பார்த்தாள். பிறகு அலறினாள். இப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறாள், பாவம். "என்னைய விட்டுட்டுப் போயிட்டாவளா?" என்று தலையில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்து புரண்டாள்.

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் மாரிச்செல்வி. ராஜபாளையத்தில் சமூகப்பணி முதுகலை படிக்கிறவள். மறதி நோய் வந்தவர்களின் வாழ்க்கைத்தரம் பற்றி ஆராய்ச்சி. அதற்கு உதவித்தொகை தரப்போவது, சுந்தரபாண்டியன் தகப்பனார் பெயரில் நடத்தும் கண்ணுச்சாமி அறக்கட்டளை. "எங்கம்மாவையும் வந்து பாத்து எழுதும்மா" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு அவளை வரச்சொன்னதும் அவரேதான்.

சற்று நேரத்தில் அழுகை தானாக ஓய்ந்தது. கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "அவிய சாப்பிட்டாவளா?" என்று கேட்டாள்.

"பாத்தியாம்மா? இதான் நெலம. நானும் விடாம தினமும் காலையில சொல்லுதேன். சொல்லச் சொல்ல ஒரு நா மண்டையில ஏறாமலா போகும்?" என்றார் சுந்தரபாண்டியன், பையனை வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிற வாத்தியார் மாதிரி.

"ஏறாது சார். வலி மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசா வரும். கேட்டா, வெளியூர் போயிருக்காவ, வந்துருவாவன்னு சொல்லுங்க. பூ கேட்டா குடுங்க. ஆச்சி வேற என்ன கேக்காவ?"

அவர் முகம் கறுத்தது. "நீ படிச்ச படிப்பு இதானா? எங்காத்தா பூ வச்சிக்கிட்டுத் திரிஞ்சா ஊருக்குள்ள நான் தல நிமிந்து நடக்க முடியுமா? குடும்பத்துல எம்புட்டு அன்பா பாத்துக்கிடுதாவன்னு எழுது, போதும். நாளைக்கு விழாவுல செக்க வாங்கிக்க."

மாரிச்செல்வி தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். சோழபுரத்தில் அவள் அப்பா வேல்சாமி கறாராகச் சொல்லியிருந்தார்: இந்தப் பணம் வராவிட்டால் படிப்பு போதும், தையில் அத்தை மகன் சிவபாண்டிக்குக் கழுத்தை நீட்டவேண்டியதுதான். பஸ் ஏறும்வரை அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மேடையில் கண்ணுச்சாமியின் ஆளுயரப் படம், கனத்த சம்பங்கி மாலையோடு. முன்வரிசையில் வெறும் நெற்றியோடு வெங்கடேஸ்வரியை உட்கார்த்தியிருந்தார்கள். பக்கத்து நாற்காலி தலைமை விருந்தினரான டாக்டருக்கு. அவர் இன்னும் வரவில்லை.

"பெரியவங்க மனசு கோணாம பாத்துக்கிடுறதுதான் நம்ம பண்பாடு" என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார் சுந்தரபாண்டியன். செக் வாங்க மேடையில் நின்றிருந்த மாரிச்செல்வியைப் பார்த்துக் கிழவி திடீரென்று எழுந்தாள்.

"ஏட்டி, அவிய படத்துக்கு எதுக்கு மாலை போட்டிருக்கு? அவியளுக்கு என்னட்டி ஆச்சு?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. சுந்தரபாண்டியன் மைக்கை மாரிச்செல்வி கையில் திணித்தார். "நீயே சொல்லிரும்மா. படிச்ச பிள்ள சொன்னா மனசுல நிக்கும்" என்றார் தணிந்த குரலில். செக் அவருடைய இன்னொரு கையில் இருந்தது.

மாரிச்செல்வி அதைப் பார்த்தாள். கிழவியின் கண்ணையும் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகல ஆச்சி. இன்னைக்கு அவியளுக்குத்தான் விழா, அதான் மாலை. இந்தா வந்துருவாவ."

சொல்லிவிட்டு மேடையைவிட்டு இறங்கினாள். தன் சடையிலிருந்த பிச்சிப்பூவை எடுத்துக் கிழவியின் தலையில் வைத்தாள். முன்வரிசைப் பெண்கள் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார்கள். கிழவிக்கோ பூரிப்பு தாங்கவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் டாக்டர் வந்தார். கிழவி பக்கத்து நாற்காலியைக் கையால் மறித்தாள்.

"இதுல உக்காராதீய. அவிய வாராவ."

டாக்டர் நின்றார். சுந்தரபாண்டியன் ஓடிவந்து அம்மாவின் காதருகே குனிந்தார், வாயைத் திறந்தார். தினமும் காலையில் தாராளமாக வருகிற வார்த்தை இத்தனை பேர் முன்னால் வரவில்லை. கேமரா பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மேடையேறினார். உதவித்தொகை வினோத் என்ற மாணவனுக்கு என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கிழவியும் தட்டினாள்.

விழா முடிந்து மாரிச்செல்வி வெறுங்கையோடு வெளியே வந்தாள். மண்டப வாசலில் சுந்தரபாண்டியன் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அவிய இன்னும் வரலையேலே" என்றாள் கிழவி.

அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் தினமும் சொல்கிற அந்த வார்த்தையைச் சொன்னார்.