ஓரகத்தியின் சந்தோஷம்

கொழுந்தன் மனைவிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. மற்றவர்கள் யாராவது சொல்வார்களா என்று மட்டும் காத்திருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் கீழும் மாடியுமாக இருந்தார்கள். தம்பிக்கு முதுகெலும்பு தேய்ந்து, இனிப் பாரம் தூக்கும் வேலை ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மாடியில் பேச்சுச் சத்தமே அடங்கிப்போனது. பெரியவள் அப்போது ஒரு பெரிய மருத்துவமனையின் கருவி அறையில் மேற்பார்வையாளர். ஆப்பரேஷன் முடிந்த கத்தரிகளும் கிடுக்கிகளும் ரத்தத்தோடு அங்கேதான் வந்து சேரும். ஒரு பக்கம் கழுவுவார்கள். நடுவில் நீளமான மேசையில் சரிபார்த்து, செட் செட்டாக நீலத் துணியில் கட்டி, நீராவி மெஷினுக்குள் ஏற்றுவார்கள். மறுபக்கம் கிருமியில்லாமல் வெளியே போகும். ஜன்னல் இல்லாத அறை. பெரியவள் அதில் பதினேழு வருஷம் தள்ளியிருந்தாள். கடைசி ஆறு வருஷம் மூலையிலிருந்த கண்ணாடித் தடுப்புக்குள், நாற்காலியில்.

அவள் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். சின்னவளுக்கு வேலை கிடைத்தது. முப்பத்தெட்டு வயது வரை வீட்டுப்படி தாண்டி எந்த வேலைக்கும் போகாதவள், தலைத்தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் நாள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்தபோது பெரியவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் தாங்குவாள், அப்புறம் அழுதுகொண்டு வருவாள், அப்போது தட்டிக்கொடுக்கலாம் என்று நினைத்தாள்.

அவள் அழவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்றாம் மாதம் ஒருநாள் சின்னவள், வளைந்த மூக்குள்ள ஒரு கிடுக்கியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு வந்தாள்.

"அக்கா, இது உள்ள என்ன பண்ணும்?"

"லிஸ்ட்ல பாரு. பன்னெண்டாம் நம்பர்."

"நம்பர் தெரியும்க்கா. அது என்ன வேலை பண்ணும்னு கேட்டேன்."

பெரியவளுக்குத் தெரியவில்லை. பதினேழு வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் கேட்டதில்லை. "அதெல்லாம் டாக்டருங்க கவலை. நீ கட்டு" என்று அனுப்பிவிட்டாள்.

சின்னவள் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸைப் பிடித்து, கேட்டு, அனுமதி வாங்கி, ஒரு முழங்கால் ஆப்பரேஷனைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டே வந்துவிட்டாள். திரும்பி வந்தபோது முகம் ஜொலித்தது.

"அக்கா, அந்த டாக்டர் கையை நீட்டுறாரு, ஆனா திரும்பியே பாக்குறதில்ல. கேட்டது கையில வந்து விழணும். நம்ம செட்ல அது அடியில கிடக்கு! அந்த நர்ஸம்மா எல்லாத்தையும் கிளறித் தேடுறாங்க."

அன்றிலிருந்து எது முதலில் வேண்டுமோ அது மேலே வருகிற மாதிரி செட் கட்டினாள். ஒரே மாதத்தில் தியேட்டரிலிருந்து, "அந்தம்மா கட்டின செட்டா அனுப்புங்க" என்று போன் வர ஆரம்பித்தது. போனை எடுப்பது பெரியவளின் வேலை.

சின்னவளுக்குப் பதவி கிடைத்திருந்தால்கூடப் பெரியவள் சமாளித்திருப்பாள். பதவி மேல் வருகிற வயிற்றெரிச்சலுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. நாலு பேரிடம் சொல்லிப் புலம்பலாம். இவளுக்கோ அதே தொப்பி, அதே ஜன்னலில்லாத அறை, அதே எட்டு மணிநேரம். நாற்காலியும் சாவியும் பெரியவளிடம்தான் இருந்தன. ஓரகத்தி சந்தோஷமாக இருக்கிறாள் என்று யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

வீட்டுக்கு வந்தாலும் விடிவில்லை. மாடியில் இப்போது சிரிப்புச் சத்தம். கொழுந்தன் தினமும் ஷேவ் செய்துகொண்டு, சமையலைக் கையில் எடுத்திருந்தான். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலமும் ஞாயிறு காலையும் சின்னவள் பையை மாட்டிக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போனாள். இந்த வயதில் நீச்சலாம்! கண் சிவந்து, தலை ஈரத்தோடு வந்து படியேறும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

"அவளைப் பாத்தியா, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கா" என்றான் பெரியவளின் கணவன், டீயை உறிஞ்சியபடி. அந்த மனுஷன் உள்நோக்கம் வைத்துப் பேசத் தெரியாதவன்.

"எனக்கு எத்தனை கூடியிருக்கு? அதையும் சொல்லிடுங்க."

"உன்னை யாரு சொன்னா இப்ப?"

"அதானே. என்னை யாரு சொல்லப்போறா."

அடுத்த திங்கட்கிழமை வேலைப் பட்டியலில் சின்னவளின் பெயர் கழுவுகிற பக்கம் போயிருந்தது. ரப்பர் அங்கி, முகத்துக்கு மறைப்பு, கொதிக்கிற தண்ணீர், மூக்கைப் பிடுங்கும் மருந்து நெடி. அங்கே எல்லாரும் ‘இடி’ என்று கூப்பிடும் ஒருத்தி இருந்தாள். பேசினால் கூரை அதிரும். பாதி நேரம் திட்டாகத்தான் இருக்கும். அவளோடு ஒட்டிக் குப்பை கொட்டினவர்கள் கிடையாது.

"ஆள் பத்தலை. கொஞ்ச நாள் பாத்துக்கோ" என்றாள் பெரியவள், முகத்தைப் பார்க்காமல்.

"சரிக்கா" என்றாள் சின்னவள்.

இரண்டே வாரம். கழுவுகிற பக்கமிருந்து இடியின் சிரிப்பு கேட்டது. இடி சிரிப்பாள் என்பதே அந்த அறைக்குப் புதுச் செய்தி. கத்தரி மடிப்பில் ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொள்வதால்தான் தேய்த்துத் தேய்த்துக் கை போகிறது என்று சின்னவள் கண்டுபிடித்து, மேலே தியேட்டருக்குப் போய்ச் சொல்லி, ஈரத்துணி போட்டு மூடி அனுப்பச் செய்துவிட்டாளாம். வேலை பாதியானது. இடி தன் சொந்த ஸ்டூலை அவளுக்குக் கொடுத்திருந்தாள்.

பெரியவள் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து லீவு விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேனா அழுந்தி அடுத்த தாள் வரை தடம் விழுந்தது. இவளை எங்கே தூக்கிப் போட்டாலும் அங்கே முளைக்கிறாளே என்று உள்ளுக்குள் புகைந்தாள்.

அந்தப் புகைச்சலில் இருந்தபோதுதான் தியேட்டர் தலைமை நர்ஸின் கடிதம் வந்தது. சின்னவளை வியாழக்கிழமைதோறும் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும். டாக்டர்களோடு பேசி எல்லாச் செட்டுகளையும் அவள் மாற்றி அமைக்கட்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே வகுப்பும் எடுக்கலாம் என்று எழுதியிருந்தது.

பெரியவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கீழே, ‘சம்பந்தப்பட்ட ஊழியருக்கு விருப்பமில்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தித் திருப்பி அனுப்பினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்று சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து லிஃப்ட்டில் தலைமை நர்ஸ் சின்னவளிடம், "ஏம்மா, இவ்வளவு ஆசையா கூப்பிட்டோம், விருப்பமில்லைன்னு பதில் வந்துடுச்சே?" என்று கேட்டிருக்கிறாள்.

சின்னவள் ரப்பர் அங்கியைக்கூடக் கழற்றாமல் கண்ணாடித் தடுப்புக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அங்கியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது.

"நீங்களா எழுதினீங்க?"

"இங்க ஆள் பத்தலை..."

"ஆள் பத்தலைன்னு எழுதலையே. எனக்கு விருப்பமில்லைன்னு எழுதியிருக்கீங்க. என் வாயை நீங்க எப்ப வாடகைக்கு எடுத்தீங்கக்கா?"

"கத்தாதே. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். கழுவப் போட்டீங்க, போனேன். ஏன்னு கேட்டேனா? இது மட்டும் ஏன்? என்ன கெடுதல் பண்ணேன் உங்களுக்கு?"

கண்ணாடிக்கு அப்பால் மேசையைச் சுற்றி நின்ற ஆறு பேரும் துணி மடிப்பதில் திடீரென்று பெரிய அக்கறை காட்டினார்கள்.

அதன் பிறகு ஒரு மாதம் இருவருக்கும் பேச்சு இல்லை. சின்னவள் வேறு பஸ்ஸில் வந்தாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள்; அந்த மரியாதை அறைவதைவிட வலித்தது. கொழுந்தன் ஒருநாள் கீழே வந்து, "அண்ணி, என்ன நடந்துச்சுன்னு அவ சொல்ல மாட்டேங்கிறா. நீங்களாவது சொல்லுங்க" என்று கேட்டான். காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாளே என்று அதற்கும் ஒரு பொருமல் வந்தது. நல்ல பெயரையும் அவளே எடுத்துக்கொள்கிறாளா?

அப்படியிருந்த ஒரு முற்பகலில், நெடுஞ்சாலையில் ஒரு பஸ் கவிழ்ந்துவிட்டது. ஐந்து தியேட்டரும் ஒரே சமயத்தில் இயங்கின. மேசையில் இரண்டு பேர் லீவு. மேலேயிருந்து போன் மேல் போன். மேனேஜர் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றார். பெரியவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கையைக் கழுவி, அங்கி மாட்டி, மேசைக்கு வந்து நின்றாள்.

ஆறு வருஷம் ஆகியிருந்தது. முதல் செட்டில் விரல் தடுமாறியது. இரண்டாவதில் துணியின் மூலை தானாக உள்ளே மடிந்தது. நாலாவதில் அவள் எதையும் யோசிக்கவில்லை. கிடுக்கியைத் திறந்து மூடி, பல் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, அடுக்கி, மடித்து, இறுக்கி, ஒட்டி, நகர்த்தி, அடுத்தது. முடி இழை கனத்தில் ஒரு கத்தரியில் விரிசல். மூன்று பேர் கையைத் தாண்டி வந்ததை அவள் கண் பிடித்தது; தனியே எடுத்து வைத்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தாளா என்று நினைவில்லை. கழுவுகிற பக்கமிருந்து தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டது சின்னவளின் கைதான்.

போன் ஓய்ந்தபோது பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை மணிநேரம் போயிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் அவள் கால்மணிக்கொரு தரம் கடிகாரம் பார்ப்பாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது. ஆனால் பசித்தது, அப்படிப் பசித்தது! கேன்டீனில் உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தியாகக் காலி செய்தாள். பாதியில் அழுகை வந்தது. மேற்பார்வையாளர் ஆனபோது எல்லாரும் கைகுலுக்கினார்கள், அவளும் சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அப்போது தோன்றவில்லை. இத்தனை நாள் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்துக் கருகியதெல்லாம், அந்த மேசை இப்போது தன்னுடையது இல்லை என்பதற்காகவா? அது மட்டும்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் நீச்சல் குளத்துக்குப் போனாள். சின்னவள் ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

"உன் மேல எனக்குப் பொறாமைடி" என்றாள். வேறு விதமாக ஆரம்பிக்கத்தான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தாள்.

சின்னவள் முகத்துத் தண்ணீரை வழித்தாள். "தெரியும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சும் பேசாம இருந்தியா?"

"எனக்கு அது பழக்கமான நோய்க்கா. நீங்க பையை மாட்டிட்டு வேலைக்குக் கிளம்புறப்ப பதினஞ்சு வருஷம் மாடி ஜன்னல்ல நின்னு பாத்திருக்கேன். ஒருநாள் உங்க பஸ் போயிடணும்னு வேண்டிக்கிட்டேன். போயிடுச்சு. அன்னைக்குப் பூரா எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவள் சிரிக்கவில்லை.

"நான் வேண்டிக்கிட்டதோட நிறுத்தினேன். நீங்க சீல் குத்தி அனுப்பிட்டீங்க. மன்னிப்பெல்லாம் இப்பக் கேக்காதீங்க, எனக்கு வராது. முதல்ல அந்த லெட்டருக்கு வேற பதில் எழுதுங்க."

சொல்லிவிட்டு, சுவரை உதைத்துக்கொண்டு நீந்திப் போய்விட்டாள். இன்னும் ஒழுங்காக நீந்தத் தெரியவில்லை. கைகால் நாலு திசைக்கும் போயின. ஆனாலும் அக்கரை போய்ச் சேர்ந்தாள்.

திங்கட்கிழமை பெரியவள் எழுதினாள்: ‘முன்பு எழுதியது உண்மையல்ல. அந்த ஊழியரிடம் நான் கேட்கவே இல்லை. தவறு என்னுடையது.’ தலைமை நர்ஸ் படித்துவிட்டு அதை மேனேஜருக்கு அனுப்பிவிட்டாள். அவர் கூப்பிட்டு அரைமணிநேரம் காய்ச்சி எடுத்தார். வாங்கிக்கொண்டாள். எச்சரிக்கைக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டாள். வெளியே வருமுன், "சார், இன்னொண்ணு. காலை நேரம் என்னை மேசைக்குப் போடுங்க. கண்ணாடித் தடுப்புக்குள்ள இருக்குற வேலையை மத்தியானம் பாத்துக்கிறேன்" என்றாள்.

"இறங்கி வரேன்னு சொல்றீங்களா?"

"எப்படி வேணா வெச்சுக்கோங்க சார்."

அவர் ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

வியாழக்கிழமைகளில் சின்னவள் தியேட்டருக்குப் போகிறாள். அவளுடைய வகுப்பை யாராவது புகழ்ந்தால் பெரியவளுக்கு இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது. சின்னவளும் அந்த ‘விருப்பமில்லை’ என்ற வரியை இன்னும் முழுதாக மறக்கவில்லை. மற்ற நாட்களில் இருவரும் எதிரெதிரே நின்று கட்டுகிறார்கள். போன வாரம் எலும்பு செட்டில் சுத்தியல் மேலே வரணுமா கீழே வரணுமா என்று தகராறு.

"மேல வெச்சா துணி கிழியும். நான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவ."

"கீழ வெச்சா டாக்டர் கத்துவாரு. நான் நேர்ல பாத்தவ."

"அப்ப குறுக்க வை!"

"குறுக்க எப்படிக்கா வைக்கிறது?"

பெரியவள் வைத்துக் காட்டினாள். சரியாக வரவில்லை. சின்னவள் பிடுங்கி வேறு மாதிரி வைத்தாள். அதுவும் வரவில்லை. கழுவுகிற பக்கமிருந்து இடி, "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சுத்தியலை வைக்க முடியலையா?" என்று முழங்கினாள். அறையே சிரித்தது. இருவரும் நிமிரவே இல்லை. நாலு கையும் அந்தத் தட்டுக்குள்ளேயே இருந்தன.