குடும்பத்தில் யாருக்கும் இல்லை

"அத்தை எப்படிச் செத்தாங்க? அதைச் சொல்லுங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தவில்லை. மேசைக்கு அடியில் அம்மா என் காலை மிதித்தாள். இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அப்பாவின் தங்கையைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. ஏழு வயதில் ஒரு தடவை கேட்டு, வாயிலேயே ஓர் அறை வாங்கி, அத்தோடு விட்டிருந்தேன்.

"காய்ச்சல்" என்றார் அப்பா.

"என்ன காய்ச்சல்?"

"காய்ச்சல்னா காய்ச்சல்தான். அதைப் புரிஞ்சுக்கவும் டிகிரி வேணுமா?"

காய்ச்சலில் செத்தவளின் புகைப்படத்தை யாரும் ஒளித்து வைப்பதில்லை.

என் வேலையே இந்தக் கேள்விதான். மனநோய்கள் குடும்பங்களில் எப்படி இறங்கி வருகின்றன என்று பார்க்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து, மூன்று தலைமுறையைக் காகிதத்தில் வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு, செத்தவர் மேல் ஒரு கோடு. எல்லார் வீட்டிலும் முதல் அரைமணி நேரம் காய்ச்சல்தான். அதற்குப் பிறகுதான் யாராவது எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பேசுவார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கதவைச் சாத்த ஆளில்லை.

அண்ணனுக்கு லேத் பட்டறையில் வேலை. மூன்று மாதம் சுருண்டு படுத்திருந்தான். குளிக்கவில்லை, பேசவில்லை. அப்பாதான் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். 'குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா' என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் 'யாருக்கும் இல்லை' என்று எழுதி, அடியில் கோடும் போட்டார். மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். மூன்றாவது வாரம் அண்ணன் எழுந்துவிட்டான்.

எழுந்தவன் உட்காரவில்லை. ஐந்து நாளாக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத் தூக்கம். சமையலறைக்கு வெள்ளையடித்தான், பிடிக்கவில்லை என்று மறுபடியும் அடித்தான். பட்டறையின் அத்தனை இயந்திரங்களையும் தான் ஒருவனே ஓட்டுவதாக முதலாளியிடம் சொல்லப்போய், அவர் தூங்கிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். அப்பாவும் அம்மாவும் பூரித்துப்போயிருந்தார்கள். பிள்ளை தேறிவிட்டானாம். மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தார்கள்.

"அவன் தேறலப்பா. தலைகால் தெரியாம மேல ஏறிட்டிருக்கான். அத்தைக்கும் இப்படி மாறி மாறி வந்துச்சான்னு தெரியணும். வந்திருந்தா, இந்த மாத்திரையை மட்டும் குடுக்கறது ஆபத்து. அது இன்னும் மேல ஏத்தி விட்டுடும்."

"என் புள்ள சிரிக்கறது உனக்குப் பொறுக்கல. சந்தேகம்னா மூளையை ஸ்கேன் எடுத்துப் பாரு. அதுல தெரிஞ்சிடுமே."

"இது ஸ்கேன்ல தெரியாது. குடும்பக் கதையிலதான் தெரியும்."

"அப்ப என் ரத்தம் கெட்ட ரத்தம்."

"அப்படி யாரு சொன்னா? ஒரே ஒரு மரபணு உக்காந்துகிட்டு ஆட்டி வைக்கற விஷயமில்ல இது. ஆயிரம் சின்னச் சின்ன விஷயம் சேர்ந்து ஒருத்தரைச் சாய்க்கும். அத்தைக்கு வந்தா அண்ணனுக்கு வந்தே ஆகணும்னு இல்ல. ஆனா டாக்டருக்குத் தெரிஞ்சா வேற மாத்திரை எழுதுவார்."

"நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு வர்றவனுக்கும் இதையே படம் போட்டுக் காட்டு."

"காட்டுவேன். கலர்லயே காட்டுவேன்."

அப்போது உள்ளறையிலிருந்து அண்ணன் வந்தான். கையில் மின்விசிறியின் இரண்டு இறக்கைகள்.

"ஒரு ஃபேனுக்கு எதுக்குப்பா மூணு? ஒண்ணு போதும், நான் கணக்குப் போட்டுட்டேன். இன்னைக்குச் சீக்கிரமா பட்டறைக்குப் போறேன். முதலாளி வர்றதுக்குள்ள பெரிய மெஷினை ஓட விட்டே பிரிச்சுக் காட்டறேன்."

சொல்லிவிட்டு இறக்கைகளை மேசைமேல் வைத்தான், சாம்பார்க் கிண்ணத்தை நகர்த்தக்கூட இல்லை.

மறுபடியும் உள்ளே போனான்.

"அவளும் தையல் மெஷினை இப்படித்தான் பிரிச்சுப் போட்டா" என்றாள் அம்மா.

"வாயை மூடு."

"எத்தனை வருஷத்துக்கு மூடறது? மாசக்கணக்கா படுத்தே கெடப்பா. அப்புறம் எழுந்தா ஊரையே மாத்தறேம்பா. கடைசியில, ரயில் பாலத்துக் கைப்பிடி மேல நடந்து காட்டறேன்னு போனா."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சலும் இருந்துச்சு. நெத்தி கொதிச்சுது. நான் தொட்டுப் பாத்தேன்."

அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பையில் போட்டேன். நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. காலையிலேயே மருத்துவமனைக்குப் பேசிவிட்டேன், பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே போய்ச் சொல்ல உண்மை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"எம் பேச்சை மீறி அவனைக் கூட்டிட்டுப் போனா, நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வராதே."

"சரிப்பா" என்றேன். "அண்ணா, செருப்பைப் போடு. டாக்டரைப் பாக்கப் போறோம்."

"எதுக்கு? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"ரொம்ப நல்லா இருக்கே. அதுக்குத்தான்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்கு முன்னால் படிகளை மூன்று மூன்றாகத் தாண்டி இறங்கினான். நான் கதவைச் சாத்தாமல் அவன் பின்னால் ஓடினேன்.