தொட்டியில் ஒரு முழம்

அவள் கணவர் இறந்து மூன்று மாதம். அதோடு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் கீழே போய்விட்டது. மோட்டார் முன்போல அரைநாள் ஓடுவதில்லை. ஒரு மணி நேரத்தில் காற்றை உறிஞ்சிக்கொண்டு இருமத் தொடங்கிவிடும்.

“அண்ணி, பன்னெண்டு மாட்டுக்கு இது காணாது. நாலை வித்துடலாம்,” என்றான் கொழுந்தன்.

“ஒரு வாரம் பொறு தம்பி. ஏழாம் நாள் சாயங்காலக் கறவை முடிஞ்சதும் தொட்டியில ஒரு முழம் தண்ணி நின்னா, மறுநாள் காலைக்குப் போதும். ஒண்ணையும் விக்கக் கூடாது.”

“நிக்கலன்னா?”

“நீயே தரகரைக் கூட்டிட்டு வா.”

கொட்டகைத் தரையில் முகம் பார்க்கலாம் என்று பெருமை பேசியவர் அவள் கணவர். குழாயைத் திறந்தால் சாணம் வாய்க்கால்வரை தானாக ஓட வேண்டும் அவருக்கு. மாடுகள் குடித்ததைவிடத் தரை குடித்ததுதான் அதிகம். அவர் இருந்தவரை அது யாருக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும்தான்.

அவள் குழாயைச் சுருட்டி மாட்டினாள். மண்வெட்டியால் சாணத்தை வழித்து அள்ளிய பிறகு, நாலே வாளித் தண்ணீர். பால் கேன்களைச் சுற்றி ஓடிப் பாலைக் குளிரவைத்துவிட்டு, இதுவரை சாக்கடைக்குப் போன வெதுவெதுப்பான தண்ணீரை மாடுகள் குடிக்கும் தாழிக்குத் திருப்பினாள். மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தன. அவளுக்குத்தான் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

“என்னக்கா, தரை இன்னைக்கு முகம் கழுவலையா?” என்றார் பால் வண்டிக்காரர்.

“பால்ல அழுக்கு இருந்தா சொல்லு. தரையைப் பொண்ணு பார்க்கவா வராங்க?”

ஏழாம் நாள் சாயங்காலம் கொழுந்தன் தொட்டிக்குள் குச்சியை விட்டு எடுத்தான். ஈரம் ஏறிய இடத்தைத் தன் முழங்கையோடு வைத்துப் பார்த்தான். நாலு விரல் குறைந்தது. அவள் முகத்தைப் பார்த்தான்.

“என் கை நீளம் அண்ணி. உங்க கையால அளங்க.”

அளந்தாள். சரியாக ஒரு முழம்.

“அப்புறமென்ன? ஒரு முழம்தானே பேச்சு. விக்க வேணாம்,” என்றான். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். “மாடு என் கையைப் பார்த்தா குடிக்கும்? காலையில பாதிக் கறவையில தண்ணி தீர்ந்துட்டா என்ன பண்றது? தரகரை வரச் சொல்லு. ஒண்ணுதான்.”

எது என்று அவன் கேட்கவில்லை. பால் வற்றிப்போன செவலைப் பசு. கணவர் கூப்பிட்டால் மட்டும் சட்டென்று எழுந்து நிற்கும்; மூன்று மாதமாக யார் கூப்பிட்டாலும் மெதுவாகத்தான் எழுகிறது.

மறுநாள் காலை தரகர் ஓட்டிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் கொழுந்தன் ஓடிவந்து, “என் கையாலயே ஒரு முழம் நிக்குது அண்ணி!” என்றான்.

“சரி,” என்றாள். “பதினோரு மாட்டுச் சாணம் கிடக்கு. அந்த மண்வெட்டியை எடு.”