ஹார்வுட் துரைக்குப் படையல்

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டின் பழைய ஆபீசை இடித்தபோது, அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு டைரி விழுந்தது. நான் கணக்கெழுதும் கிராணி என்பதால் என் மேசைக்கு வந்தது. எழுதியவர் தொண்ணூறு வருடத்துக்கு முன் இங்கே மேனேஜராக இருந்த ஹார்வுட் துரை.

இதைக் கதையாக்க நான் எழுதிய முதல் வரி: ‘பினாங்குத் துறைமுகத்தை விட்டுக் கப்பல் நகர்ந்தபோது அலைகள்…’

(வேண்டாம். நான் கப்பலே ஏறியதில்லை.)

2

துரை ரகசியமாக இஸ்லாத்தைத் தழுவி, 1934இல் ஹஜ்ஜுக்குப் போயிருக்கிறார். கப்பல் தட்டில் நெருக்கியடித்துப் படுக்கை. வெள்ளைக்காரன், உளவாளியோ என்று ஜித்தாவில் மூன்று நாள் விசாரணை. பிறகு ஹாஜிகள் கூடும் அரஃபாத் வெளி. அங்கே டைரியில் எழுதியது:

“தைக்காத இரண்டு வெள்ளைத் துணியில் நிற்கிறேன். பக்கத்து ஜாவாக்காரர் தன் தண்ணீரில் பாதியைத் தந்தார். யாரும் என்னைத் துரை என்று கூப்பிடவில்லை. அழுதேன். இனி மதுவைத் தொடமாட்டேன்.”

(நம் ஆட்களை வெயிலில் நிற்கவைத்தவர் அங்கே போய்த்தான் சமத்துவம் கண்டாராக்கும் என்று எழுதினேன். அந்தத் தண்ணீரை மறுபடி படித்ததும் அடித்துவிட்டேன். எனக்கும் அழுகை வந்தது.)

3

திரும்பி வந்தவர் யாரிடமும் சொல்லவில்லை. மறு வருடமே காய்ச்சலில் போய்விட்டார். எஸ்டேட் நிர்வாகம் சிலுவை நட்டுப் புதைத்தது. நம் ஆட்கள் அந்தச் சிலுவைக்குப் பொட்டு வைத்தார்கள். துரை என்றால் விஸ்கியும் சுருட்டும்தானே? இன்றுவரை அதுதான் படையல்.

4

வேலம்மா கொழுந்து வெட்டுபவர். கணவர் காளியண்ணனுக்கு நாளை ஈப்போவில் இருதய ஆபரேஷன். இன்று காலை படையலுக்கு என்னைத் துணைக்கு அழைத்தார். சொல்லிவிடுவது என்று டைரியோடு துரையின் சமாதிக்குப் போனேன்.

“வேலம்மாக்கா, துரையப் பத்தி ஒன்னு…”

“அப்புறம் சொல்லுங்க லா, கிராணி. மொதல்ல அவருக்குப் புடிச்சதக் குடுத்துடுவோம். புடிக்காதத வெச்சா கோவிச்சுக்குவாரு. அப்புறம் எங்க வீட்டுக்காரரு பொழைப்பாரா, சொல்லுங்க?”

5

சொன்னால், இத்தனை வருடமும் தப்பாகவே படைத்தோமே என்று அவர் இங்கேயே உடைந்துபோவார். சொல்லாவிட்டால், அழுதுகொண்டே விட்ட மதுவைத் துரையின் தலையில் நானே ஊற்றவேண்டும். கீழே ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து, ‘துரை கேட்டது இதுதான்’ என்று

(எழுதிப் பார்த்தேன். ரொம்ப அழகாக இருந்தது. அதனாலேயே நம்பமுடியவில்லை.)

கத்தரி பிடித்துப் பிடித்து வேலம்மாவின் விரல்கள் மடங்குவதில்லை. மூடியைத் திருகிப் பார்த்துவிட்டுப் போத்தலை என்னிடம் நீட்டினார்.

“நீங்க தொறங்க, கிராணி.”

போத்தல் என் கையில் இருக்கிறது. டைரியில் உள்ளது இந்த மலையில் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். வேலம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள், திறக்கவா?