இத்தாலிக்காரியை டெஸ்டுக்கு ஓட்டிப் போனவள்

யானையைக் கட்டித் தீனி போடுவது என்றால் என்னவென்று தெரிய வேண்டுமா? ஒரு பழைய இத்தாலிக் காரை வாங்கிப் பாருங்கள். யானையாவது கூப்பிட்டால் எழுந்து வரும்.

அந்த வீட்டில் அந்தக் காருக்கு ‘இத்தாலிக்காரி’ என்று பெயர். பெயர் வைத்தவள் வீட்டுக்காரி. செல்லமாக வைத்த பெயர் இல்லை, வயிற்றெரிச்சலில் வைத்தது. ஒரு சனிக்கிழமை புருஷன் கருஞ்சிவப்பில் ஒரு காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, “எப்படி?” என்று கேட்டார்.

“யாருதுங்க?”

“நம்மளுதுதான்.”

“நம்மளுதா, உங்களுதா?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அது ‘உங்க வண்டி’தான். ‘உங்க இத்தாலிக்காரி இன்னிக்கு என்ன சொல்றா?’ என்றுதான் பேச்சு.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்கள் மாடிக்குப் போய்வருவது அவர் புண்ணியத்தில்தான். ஆனால் ஊர் லிஃப்டெல்லாம் கேட்கிற பேச்சை வாசலில் நிற்கிற வண்டி கேட்காது. ஒரு சாண் ரப்பர் குழாய்க்காக மூன்று மாதம் தார்ப்பாய்க்குள் படுத்திருக்கும். குழாய் கடல் தாண்டி வந்து சேரும், பிரித்துப் பார்த்தால் அது வேறு மாடலுக்கு உரியதாக இருக்கும். மழை பெய்யும்போது ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுகொள்ளும். தெருமுனை மெக்கானிக் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்தான், சத்தம் வராமல் மூடினான், “அண்ணே, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வியாதி ஒன்று இருந்தது. இன்ஜின் நன்றாகச் சூடேறிவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். இன்ஜினுக்குப் பின்னால், கீழே, கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சார் ஒளிந்திருக்கிறது. சூடு தாங்காது அதற்கு. புதுசு வாங்கிப் போட்டால் அதுவும் நாலு மாதத்தில் அதே குணத்தைக் காட்டும். ஈரத் துணியை அதன்மேல் போட்டு ஆறவைத்தால் பழையபடி கிளம்பும். அந்தச் சந்துக்குள் அவர் கை போகாது. அவள் கைதான் போகும். அவள் பல்செட் செய்கிற லேப்பில் வேலை பார்க்கிறவள். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு நட்டுப் பழகிய கை, எந்தச் சந்துக்குள்ளும் நுழையும். அதனால் வண்டி எங்கே நின்றாலும் அவர் பானெட்டைத் தூக்கிப் பிடிக்க, அவள் தோள்வரை கையை விட்டுத் துணி போடுவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது.

“துணி போடுறதுக்கு நான், தள்ளுறதுக்கு நான், ஓட்டுறதுக்கு மட்டும் நீங்களா?”

“நல்லாத்தான் கேக்குற. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போடு.”

பிறகு ஏன் வைத்திருந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கு மேலே போகிற அந்த வளைந்த ரோட்டில் இத்தாலிக்காரியில் போயிருந்தால் கேட்கமாட்டீர்கள். மேடு ஆரம்பிக்கிற இடத்தில் அவர் மூன்றாவது கியருக்கு இறக்குவார். இன்ஜின் சுற்றைக் காட்டுகிற முள் நாலாயிரத்தைத் தாண்டும். அதுவரை முனகிக்கொண்டிருந்த இன்ஜின் அப்போது தொண்டையைத் திறக்கும் பாருங்கள், அவளுக்குக் கழுத்தெல்லாம் மயிர்க்கூச்செறியும். “ரேடியோவை அணை” என்பார் அவர். அவள் ஏற்கெனவே அணைத்திருப்பாள். வளைவில் வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் போக்கில், சென்சாரும் ரப்பர் குழாயும் எங்கோ போய்விடும். பெட்ரோல் போடுகிற இடத்தில் யாராவது சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அவள் கவனிக்காத மாதிரி உட்கார்ந்திருப்பாள், முதுகு மட்டும் நேராகிவிடும். பெருமைதான், வேறென்ன.

இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தர்மம் உண்டு. வண்டி நின்றுவிட்டது என்று வெளியில் சொல்லவே கூடாது. “காத்து நல்லா இருந்துச்சு, நிறுத்தி உக்காந்துட்டோம்” என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பவள், வெளியாள் முன்னால் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. முக்கியமாகத் தன் தம்பி முன்னால். தம்பியிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதன் பானெட் எங்கே திறக்கும் என்றே அவனுக்குத் தெரியாது. அதையே ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிவான்.

“அக்கா, கையில என்ன கரி?”

“பாத்திரம் தேச்சேன்.”

“ரோட்டோரத்துலயா தேச்சே?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இருவருக்கும் பழகிப்போயிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு வேலையில் லிஃப்ட் கதவில் சிக்கி மணிக்கட்டு முறிந்துவிட்டது. கையில் மாவுக்கட்டு. கையைவிட அவருக்குக் கவலை வண்டியைப் பற்றி. ஓடாமல் நின்றால் பேட்டரி படுத்துவிடும், ரப்பரெல்லாம் காய்ந்துவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் எழுப்ப முடியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சாவியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“எங்க ஆபீஸ் மைதானத்துல சும்மா சுத்திட்டு வரலாம். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

முதல் நாள் அவள் கிளட்சை விட்ட விதத்தில் வண்டி துள்ளியது, அவரும் துள்ளினார். ஒவ்வொரு கியருக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். “மெதுவா, மெதுவா, அது கல்லு இல்ல, உசுரு” என்றார். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் இரண்டாவது வாரம் கோபம் போய் வேறு ஏதோ வந்துவிட்டது. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்கூட உள்ளங்கையில் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷன் எதற்காகப் பைத்தியமாகத் திரிந்தார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. ‘இதை நான் தனியா ஓட்டணும். ஏரி ரோட்டுல’ என்று நினைத்துக்கொண்டாள்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு நாள் குறித்தாயிற்று.

“உன் தம்பி வண்டியில போயிடு. அது நிக்காது,” என்றார் அவர்.

“படிச்சது இதுல. பரீட்சையும் இதுலதான்.”

“அடம் பிடிக்காத. நடுரோட்டுல விட்டுடும்.”

“உங்களை விட்டதில்லையா?”

அவர் கட்டுப்போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். “என்னை விடலாம். நான் வாங்கினேன், நான் அனுபவிக்கிறேன். உன்னை நாலு பேர் முன்னால விடக்கூடாது. அன்னிக்கு மட்டும் அது நின்னுச்சுன்னா, மறுநாளே வித்துடுவேன். இது சத்தியம்.”

சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர். அது அவளுக்கும் தெரியும். லைசென்ஸ் போனால் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். வண்டி போனால்?

டெஸ்ட் நாள் வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் வரிசையாக வண்டிகள், எல்லாம் டிரைவிங் ஸ்கூலின் சின்னச் சின்னக் கார்கள். நடுவில் இத்தாலிக்காரி, கல்யாண வீட்டில் எல்லோரையும்விட நன்றாக உடுத்திக்கொண்டு வந்துவிட்டவள் மாதிரி நின்றாள். அவர் ஒற்றைக் கையாலேயே துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். தம்பியும் வந்திருந்தான், ஒரு பாதுகாப்புக்கு என்று தன் வெள்ளைக் காரோடு.

வரிசை நகரவே இல்லை. வெயில் ஏறியது. அவர் இன்ஜினை அணைக்கவிடவில்லை.

“அணைச்சா அப்புறம் கிளம்பலைன்னா?”

“என்னங்க, நிக்கவெச்சே சூடேத்துறீங்க. உங்களுக்குத் தெரியாததா?”

“ஃபேன் ஓடுதும்மா. நீ பேசாம இரு.”

பாவம், பயத்தில் அவருக்குப் புத்தி மழுங்கிப்போயிருந்தது. இத்தனை வருஷத்தில் எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிச் சொல்லிக் காத்தாரோ, அதையே அன்றைக்கு நின்று செய்தார்.

ஒருவழியாக அவள் முறை வந்தது. டெஸ்ட் எடுக்கிற அம்மா முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை. ஏறினார், பெல்ட்டைப் போட்டார், “போங்க” என்றார். அவ்வளவுதான். இடது, வலது, நேரா, ரிவர்ஸ். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மார்க்கெட் ரோட்டுக்குள் நுழைந்தபோது முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ். அங்கே, அத்தனை நெரிசலில், இன்ஜின் மூச்சை நிறுத்தியது.

‘அடிப்பாவி! இன்னிக்கா?’

மனசுதான் அலறியது, கை அலறவில்லை. கால் தன்னால் கிளட்சுக்குப் போனது. கண் கண்ணாடிக்குப் போனது. இண்டிகேட்டரைத் தட்டினாள். உயிர் போன ஸ்டியரிங் இரும்பாகக் கனத்தது, அது கனக்கும் என்று அவளுக்குத் தெரியும். வண்டியில் மிச்சமிருந்த ஓட்டத்தை ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல், மருந்துக்கடையைத் தாண்டி, சைக்கிள்காரருக்கு வழிவிட்டு, ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக் போட்டாள். நாலு இண்டிகேட்டரையும் சிமிட்டவிட்டாள். பஸ் ஹாரன்கூட அடிக்காமல் தாண்டிப் போனது.

“என்ன ஆச்சு?” என்றார் டெஸ்ட் அம்மா.

காற்று நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? “நின்னுடுச்சும்மா. சூடானா இவ இப்படித்தான். அஞ்சு நிமிஷம் குடுங்க.”

“வண்டி ரிப்பேர்னா டெஸ்ட் கேன்சல். நான் நடந்தே போயிக்கிறேன்.”

“நீங்க போற தூரத்துக்குள்ள நான் கிளப்பி, உங்களைத் தாண்டிப் போயிடுவேன். உக்காருங்கம்மா.”

இப்படிப் பேசுவோம் என்று அவளே நினைக்கவில்லை. அந்த அம்மா கதவில் கை வைத்தபடி அப்படியே பார்த்தார். அவள் இறங்கி, பானெட்டைத் திறந்து, குடிக்கிற தண்ணீரில் துப்பட்டாவின் ஓரத்தை நனைத்தாள். ஓரம் மட்டும் போதவில்லை, துப்பட்டா முழுவதையும் நனைத்துச் சுருட்டித் தோள்வரை கையை விட்டாள். சூடு முழங்கையைச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நடந்து போகலாமா வேண்டாமா என்று இறங்கி வந்த டெஸ்ட் அம்மா, உள்ளே வரிசையாக மின்னிய ஆறு குழாய்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இது என்ன, உள்ளுக்குள்ள இவ்வளவு அழகா இருக்கு?”

“அதுக்காகத்தான் இத்தனை பாடும் படுறோம்,” என்றாள் அவள், உள்ளேயிருந்து கையை எடுக்காமலே. சென்சார் ஆறியதும் துப்பட்டாவை உருவிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

சாவியைத் திருப்பினாள். ஒரு தடவை இருமியது. அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் மருந்துக்கடைக்காரர் வாசலுக்கு வந்து பார்த்தார். டெஸ்ட் அம்மா திரும்ப ஏறி உட்கார்ந்தார். மைதானத்துக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். “வலது,” என்றார் அந்த அம்மா. “அந்த மேட்டு ரோட்டு வழியா போங்க.”

மேட்டில் அவள் மூன்றாவது கியருக்கு இறக்கினாள். வேகம் சட்டத்துக்குள்தான் இருந்தது. சத்தம் மட்டும் சட்டத்துக்குள் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த அம்மா முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

மைதானத்தில் இறங்கியபோது புருஷன் வேகவேகமாக வந்தார், பின்னாலேயே தம்பி. டெஸ்ட் அம்மா காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

“வண்டி பெயில். நீங்க பாஸ்.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். “நடுரோட்டுல வண்டி செத்தா நிறைய பேர் பிரேக்கை மிதிச்சுட்டுக் கத்துவாங்க. இவங்க கொண்டுபோய் ஓரமா நிறுத்தின அழகுக்கே லைசென்ஸ் குடுக்கலாம். யாரு கத்துக்குடுத்தது?”

அவர் மாவுக்கட்டுக் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அந்த அம்மா அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

“நின்னுச்சா?” என்று புருஷன் மெதுவாகக் கேட்டார்.

வழக்கமான பொய் அவள் நாக்கு நுனிவரை வந்தது. தம்பி வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். ஆனால் அந்தப் பொய் இனி வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

“நின்னுச்சு. மார்க்கெட் ரோட்டுல, நட்டநடுவுல. ஓரங்கட்டினேன், துணி போட்டேன், கிளப்பினேன், வந்துட்டேன்.”

அவர் முகம் தொங்கிப்போனது. வண்டியின் கூரைமேல் நல்ல கையை வைத்துத் தடவினார். கண் கலங்கியிருந்தது.

“தப்பு என்னோடதுதான், சூடேத்தி வெச்சேன். இருந்தாலும் சொன்னது சொன்னதுதாம்மா. வித்துடலாம்.”

“மாமா, சரியான முடிவு!” என்றான் தம்பி. “எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் இருக்காரு. இன்னிக்கே கூட்டிட்டு வரேன்.”

அவள் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தாள். முழங்கைவரை கரி, நனைந்து சுருண்ட துப்பட்டா, மடியில் அந்தக் காகிதம். சாவியைத் திருப்பினாள். இத்தாலிக்காரி ஒரே தடவையில் எழுந்தாள். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

“என்னங்க.”

“ம்.”

“என் வண்டியை விக்க நீங்க யாருங்க?”

தம்பி திறந்த வாயை மூடவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்று அவளைப் பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. பிறகு வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, பக்கத்து சீட்டில் ஏறி, ஒற்றைக் கையால் தடவித் தடவி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

“கிளட்சை மட்டும் கொஞ்சம் மெதுவா...” என்று ஆரம்பித்தவர், அவள் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.