புரோட்டான் நிற்கும் இடம்

மார்ச் 18, செவ்வாய். நேற்று, மருத்துவமனையில் கதிர்வீச்சுக் கணக்குப் போடும் ஒல்ஃபா ஒரு சிறு தவறு செய்தாள். கதிர் கொடுக்கும்போது மெஹ்ரெஸின் தலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் முகமூடி தாடையருகே விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் ஜெர்மன் வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள். இவளுக்கு எதிலும் சந்தேகம்தான் என்று சிரிப்பார்களே என்ற கூச்சம்.

மெஹ்ரெஸ் துனிசியாவில் ஸ்ஃபாக்ஸுக்கும் துனிஸுக்கும் இடையே வாடகை வேன் ஓட்டுகிறவர். மூக்குக்குப் பின்னால், பார்வை நரம்பை ஒட்டிப் புற்றுக்கட்டி. கதிர்வீச்சுக்கு இரண்டு திட்டங்களை வரைந்தது ஒல்ஃபாதான். ஃபோட்டான் ஒரு பக்கம் நுழைந்து, வழியில் எல்லாவற்றின் மேலும் கொஞ்சம் சிந்தி, மறுபக்கம் வெளியேறிவிடும். புரோட்டான் சொன்ன ஆழம்வரை போய், சுமையை மொத்தமாக அங்கேயே இறக்கிவிட்டு நின்றுவிடும். எது நல்லது என்று டாக்டர் ராதியா கேட்டபோது, திரையில் சுத்தமாகத் தெரிந்த புரோட்டானையே காட்டினாள். “கண்ணுல கதிர் படவே படாது” என்று மெஹ்ரெஸிடமும் சொல்லியிருந்தாள்.

இன்று காலை அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்குக் கதிர் கொடுத்து முடித்திருந்தார்கள். கருவியை இயக்கும் பெஷீரிடம் முகமூடியைப் பற்றிக் கேட்டாள்.

“அது போன வாரமே தளர்ந்துடுச்சு. தாடைக்கு அடியில துணியை மடிச்சு வச்சேன், கச்சிதமா உக்காந்துருச்சு” என்றான், பாராட்டை எதிர்பார்ப்பவன்போல.

மெஹ்ரெஸ் வெளியே பெஞ்சில் இருந்தார்.

“சாப்பிடுறீங்களா, மெஹ்ரெஸ் ஐயா?”

“நீ என்ன என் மாமியாரா, தட்டுல என்ன இருக்குன்னு கேக்க?”

“உதடு வெடிச்சிருக்கே.”

“வேன்ல வெயில் அடிக்குது மகளே.”

“நீங்க வேன் எடுத்தே ஒரு மாசமாச்சு.”

அவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நோன்பு நேரத்துல என் வேன்ல எவனாவது தண்ணி குடிச்சா, ரோட்டுலயே இறக்கி விட்டவன் நான். இப்ப நானே தின்னா ஸ்டாண்டுல சும்மா விடுவானுங்களா?”

“நோயாளிக்குக் கடமையில்லன்னு இமாமே சொன்னாரே.”

“நான் பட்டினி கிடந்தா கட்டியும் பட்டினிதானே? உங்களுக்கும் வேலை மிச்சம்.”

ஒல்ஃபா அவரை உடனே ஸ்கேன் அறைக்கு அழைத்துப் போனாள்.

ஸ்கேனில் கழுத்தும் கன்னமும் வற்றி ஒட்டியிருந்தன; முகமூடி தளர்ந்தது அதனால்தான். மூக்குக்குள் அடைத்திருந்த வீக்கம் வற்றி, அந்த இடம் கறுப்பாக, வெறும் காற்றாகத் தெரிந்தது. “கட்டி சுருங்குது, நல்லது” என்றார் ராதியா.

ஒல்ஃபா அந்தப் படத்தின்மேல் இரண்டு திட்டங்களையும் பொருத்திப் பார்த்தாள். ஃபோட்டானில் பெரிய மாற்றமில்லை. புரோட்டானில், அதிகக் கதிர் விழும் இடத்தைக் காட்டும் சிவப்பு நகர்ந்திருந்தது. வழியில் தடுத்து நிறுத்தச் சதை இல்லை. காற்றைக் கடந்து, நிற்கவேண்டிய எல்லையைத் தாண்டி, பார்வை நரம்பின்மேல் போய் நின்றது. கணக்கில் தான்தான் தப்பு செய்திருப்போம் என்று மறுபடியும் போட்டாள். அதே இடம்.

ராதியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை நாளா இப்படி விழுதுடீ?”

“தெரியல டாக்டர். இன்னைக்கு நிச்சயமா. நேத்தும்.”

“பார்வை எப்படி இருக்குங்கிறார்?”

“நல்லாத்தான் தெரியுதாம்.”

“தெரியும். இப்ப தெரியும். நரம்பு போனாக்கூட அது வெளிய தெரிய மாசக்கணக்காகும், சில பேருக்கு வருஷமே ஆகும்.”

நோன்பு திறக்கும் நேரம் நெருங்கியது. மெஹ்ரெஸ் வாசலில் தம்பியின் காருக்காகக் காத்திருந்தார். தெருக்கோடியில் திரும்பிய பேருந்தின் பலகையை அவ்வளவு தூரத்திலிருந்தே சத்தமாகப் படித்துக் காட்டினார்.

“பாத்தியா, கழுகுக் கண்ணு. பெருநாளைக்கு வண்டி எடுத்துடலாம்ல?”

“நாளைக்குச் சொல்றேன்” என்றாள். அவள் முகத்தை அவர் ஒரு கணம் கூர்ந்து பார்த்தார்.

நாளை, புதன்: காலையில் பெஷீர் வருமுன் புரோட்டான் அறையில் மெஹ்ரெஸின் முறையை நிறுத்த வேண்டும். புது முகமூடி வார்க்க வேண்டும். மிச்ச நாட்களுக்கு ஃபோட்டான் திட்டம் போட வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், அவரை உட்காரவைத்து, நடந்ததைச் சொல்ல வேண்டும்.