மூடி வைத்த பங்கு

தாராவியில் உப்பங்கழிக் கரைச் சதுப்பை ஒட்டிய சந்தில் பிரம்மநாயகத்தைப் 'பழைய பட்டாளம்' என்றுதான் சொல்வார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. முதல் உலகச் சண்டையில் பஸ்ராவில் ஹவில்தாராக இருந்தவர். இப்போது ஒரு தோல் கிடங்கில் பகல் காவல். ஒட்டுப்போட்ட காக்கிச் சட்டையின் பித்தளைப் பொத்தான்களை விடியுமுன் சாம்பல் போட்டுத் தேய்ப்பார். எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். லீவில் வரும் இளம் சிப்பாய்கள் சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு பீடி பிடிப்பதைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவருடைய மகன் கணேசபாண்டியனும் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனான். மலேயாவில் இருக்கிறான் என்று செய்தி வந்தது. ஜப்பானிடம் சிங்கப்பூர் விழுந்த பிறகு ஒன்றும் வரவில்லை. செத்தான் என்றும் யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. வீட்டில் அவன் மனைவி கோமதியும் மாமனாரும்தான்.

செய்தி நின்றதிலிருந்து பிரம்மநாயகம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சாயங்காலம் சோறு வடித்ததும் ஒரு பங்கைத் தம்முடைய பழைய பட்டாளத்துத் தகரக் கிண்ணத்தில் போட்டு, மூடி, வாசற்படிக்கு உட்புறம் வைக்கச் சொன்னார். காவலுக்குப் போனவன் பங்கை அவன் திரும்பும்வரை எடுத்து வைக்க வேண்டும், பட்டாளத்தில் அப்படித்தான் என்றார். விடிந்ததும் அதில் தண்ணீர் ஊற்றி அவரே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். ரேஷன் காலம். ஒரு பருக்கை வீணாகக் கூடாது.

கோமதி அப்படியே செய்தாள். ஆனால் அந்த மழைக்காலத்தில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்குகளுக்குக் கறுப்புத் தாள் சுற்றியிருந்த நாட்கள் அவை. பொழுது சாய்ந்ததும் சந்து இருண்டுவிடும். அப்போது சதுப்புப் பக்கமிருந்து லாடம் அடித்த பூட்ஸ் நடந்து வரும். கணுக்கால் புதையும் சேறு அது. ஆனால் சத்தம் மட்டும் கல்தரையில் நடப்பதுபோலக் கேட்கும். நேரே அவர்கள் வாசலுக்கு வந்து நிற்கும். கதவைத் திறந்தால் யாரும் இல்லை, சேற்றில் தடமும் இல்லை. சந்து நாய்கள் மட்டும் யாருக்கோ வழி விட்டதுபோல் சுவரோரமாக ஒதுங்கி நிற்கும்.

அடுத்த வீட்டு முருகம்மாளுக்கும் அது கேட்டிருக்கிறது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவள் மெல்லச் சொன்னாள்.

"ஏளா கோமதி, உசுரோட இருக்கவனுக்கு யாராவது சோறு எடுத்து வைப்பாவளா? பசிச்சது மணம் பிடிச்சு வருது. நீயே உன் புருசனைச் செத்தவங்களோட சேத்துராத."

முருகம்மாள் கெட்டவள் அல்ல. பயந்தவள். ஆனால் அந்தச் சொல் கோமதியின் நெஞ்சில் முள்ளாக ஏறிவிட்டது. ஊரில் அமாவாசைக்குச் செத்தவர்களுக்குத்தான் சோறு வைப்பார்கள். இவள் தினமும் தன் கையாலேயே வைக்கிறாள். வந்து நிற்பது அவன்தான் என்றால் அவன் இல்லை என்றாகிறது. அவன் இருப்பதும் இல்லாததும் அந்தத் தகர மூடிக்கு அடியில் கிடப்பதாக அவளுக்குத் தோன்றியது. தாலியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மாமனார் வருமுன்பே அந்தப் பங்கைக் கொண்டுபோய்ச் சதுப்போரம் நாய்களுக்குக் கொட்டினாள். கிண்ணத்தைக் கழுவிப் பரணில் போட்டாள். பசித்த நாய்கள்தான். ஆனால் ஒன்றுகூட அதில் வாய் வைக்கவில்லை.

இருட்டியது. பூட்ஸ் வந்தது. வாசலில் நின்றது. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. பிறகு திரும்பியது. அது திரும்பிப் போவதை அவள் அதற்குமுன் கேட்டதே இல்லை. கோபமான நடை இல்லை. எதையும் எதிர்பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று ஒருவன் நடப்பானே, அப்படி நடந்து சதுப்புப் பக்கம் போயிற்று. கோமதிக்குப் பயத்தைவிட அழுகைதான் வந்தது.

அந்த நேரத்தில் பிரம்மநாயகம் வந்தார். வாசற்படியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடிந்துகொள்ளவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், மாமா முதலில் சாப்பிட்டுவிடுங்கள் என்று அடுப்படிக்குப் போனாள்.

"கிண்ணத்துல வச்சது என் பங்குதான், தாயி," என்றார் அவர்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ரேஷனில் வருவது இரண்டு பேருக்கு. மாமா ராத்திரிச் சாப்பாட்டைக் கிடங்கில் ராக்காவல் காசிமோடு முடித்துவிட்டு வருகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். கடைசி ஆள் சாப்பிடுமுன் ஹவில்தார் சாப்பிடக் கூடாது என்பது அவருடைய பட்டாளத்துச் சட்டம். கடைசி ஆள் இன்னும் வரவில்லை.

பிரம்மநாயகம் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாசலில் நிமிர்ந்து நின்றார். சதுப்பை நோக்கி, "ஹுக்கும்தார்!" என்று குரல் கொடுத்தார். வருவது யார் என்று காவல்காரன் கேட்கும் பழைய பட்டாளத்துக் குரல் அது. பதில் இல்லை. மறுபடி கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார்.

"மூணு தரம் கேட்டும் பேசலன்னா சுடணும்பாவ," என்று அவள் பக்கம் திரும்பினார். "நம்மகிட்ட இருக்கது சோறுதான். எடுத்து வை."

அவள் பரணிலிருந்து கிண்ணத்தை எடுத்துத் தன் பங்கைப் போட்டாள்.

"வாரது அவுகளா, மாமா?"

"தெரியலையே. படையலு திறந்து கெடக்கும் தாயி, பங்குதான் மூடியிருக்கும். திரும்பி வருவான்னு நம்புதவனுக்குத்தான் மூடி வைக்கது."

மூடியைப் போட்டு வாசலில் வைத்தாள். சதுப்புப் பக்கமிருந்து கல்தரையில் நடப்பதுபோல் அந்தச் சத்தம் மெல்லத் திரும்பி வந்தது. வாசலில் நின்றது. அன்று அவர்கள் இருவரும் கதவை மூடவில்லை.

அதன்பின் கோமதி சோற்றை மூன்றாகவே பிரித்தாள். ஹவில்தார் சட்டம் வீட்டுக்குள் செல்லாது என்று சொல்லி மாமனாரைச் சாப்பிட வைத்தாள். அதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சத்தம் தினமும் வந்தது. அவளும் தினமும் மூடி வைத்தாள்.

சண்டை முடிந்து, கறுப்புத் தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு ஒரு சாயங்காலம் நாய்கள் குரைத்தன. அந்த நேரத்தில் அவை குரைப்பதே இல்லை. சேற்றில் வெறுங்கால் சத்தம் கேட்டது. பிரம்மநாயகம் எழுந்து குரல் கொடுத்தார்.

"ஹுக்கும்தார்!"

"தோஸ்த்," என்றது மெலிந்த ஒரு குரல். நண்பன் என்னும் பட்டாளத்துப் பதில் அது. "நான்தான் ஐயா."

எலும்பும் தோலுமாக வந்திருந்தான் கணேசபாண்டியன். காலில் பூட்ஸ் இல்லை. கைதி முகாமில் எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். கோமதி கிண்ணத்தின் மூடியைத் திறந்து அவன் முன் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான், சாப்பிடத் தொடங்கினான். பிரம்மநாயகம் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றிக் கோமதி பார்த்ததில்லை.

பாதிச் சோறு உள்ளே போயிருக்கும். நாய்கள் சட்டென்று அடங்கின. சதுப்புப் பக்கமிருந்து லாடம் அடித்த பூட்ஸ் நடந்து வந்தது.

கணேசபாண்டியனின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. அது யார் என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. இத்தனை காலமும் வாசலில் வந்து நின்றவன் கணேசபாண்டியன் இல்லை என்பது மட்டும் இப்போது கோமதிக்கும் மாமனாருக்கும் தெரிந்தது. பிரம்மநாயகத்தின் விரல்கள் கழுத்துப் பொத்தானை மறுபடி தேடின.

அவர் எழுமுன் கோமதி எழுந்துவிட்டாள். தன் சோற்றை ஒரு வெண்கலக் கும்பாவில் போட்டாள். தட்டால் மூடினாள். எந்த ஊரில் எவள் விளக்கேற்றிக் காத்திருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டு வாசலில் வைத்தாள்.

"மூடி வச்சிருக்கேன், அண்ணே," என்றாள் இருட்டைப் பார்த்து. "ஆற அமரச் சாப்பிடுங்க."